சுவரின் வெளிப்புறம்

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்' என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் நலத்தைப் பேணுமாறு அறிவுறுத்த எழுந்த இப்பழமொழி, சுவர் யாருடையது என்னும் வினாவை எழுப்புவதில்லை. எழுதுகிறவனுக்கே சுவரும் சொந்தம் என்று அது கொண்டுவிட்டது போலும். ஆனால் உலகியலில் சுவர் உடையோர் சிலர். சொல்வதற்குச் செய்தி உடையோர் பலர். இவ்விரு திறத்தாரும் ஒருவரேயாக இருந்திருப்பின், சுவரெழுத்து என்றொரு கலையும் அதைத் தடுப்பதற்கென ஒரு சட்டமும் தோன்றியிருக்க மாட்டா.

பெயரும் முகமும் காட்டாமல், இரவோடிரவாகச் சுவரில் சித்திரம் தீட்டிவிட்டு மறைந்துபோகும் ஓவியர்களைப் பற்றி இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. பிரிட்டனின் பேங்ஸி இவர்களுள் பெரும்புகழ் பெற்றவர். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கொச்சி நகரில், 'யாரென்று சொல்லுங்கள்' என்று பொருள்படும் 'கெஸ்ஹூ' என்னும் புனைபெயருடன் ஒருவர் 2014-ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டத் தொடங்கினார். மேலைநாட்டுப் புகழ்முகங்களை மலையாள மண்ணின் கோலத்தில் நிறுத்தி அவர் தீட்டிய சித்திரங்களை இளைஞர்கள் தேடிச் சென்று கண்டார்கள். இத்தகைய சித்திரங்களின் கவர்ச்சி எதில் அடங்கியிருக்கிறது? தீட்டியவர் மறைந்திருப்பதிலா, தீட்டிய திறத்திலா, சொல்லப்படும் செய்தியிலா?

இவ்வினாவை இலண்டனிலோ கொச்சியிலோ நின்று ஆராய்வதைக் காட்டிலும், வடசென்னையின் காசிமேட்டில் நின்று ஆராய்ந்தால் தெளிவான விடை கிடைக்கும் என்று நாம் கருதுகிறோம். பேங்ஸியைப் போன்ற ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதனால் அன்று. சுவர் என்பது மனிதர்க்கு என்ன செய்கிறது என்பதை அவ்வூரளவுக்கு உணர்த்தும் இடங்கள் தமிழகத்தில் மிகுதியாக இல்லை என்பதனால்தான்.

காசிமேடு மதில்களுக்கு நடுவே வாழும் ஊர். 1870-களில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் அக்கரையின் தலைவிதியையே மாற்றிற்று. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடலோட்டம் சுமந்து செல்லும் மணலைத் துறைமுகத்தின் கற்கரை தடுத்து நிறுத்தியது. அதனால் தெற்கே மெரினாவின் மணல்வெளி அகன்றது. வடக்கே இராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் வரையில் கரை அரிக்கப்பட்டு, குடியிருப்புகள் கடலுக்குள் போயின. எஞ்சியதைக் காப்பதற்குக் கருங்கற்களைக் கொட்டிக் கடலோரம் நெடுக அரண் எழுப்பினார்கள். அந்தக் கல்லரண் ஒரு பக்கம். துறைமுகத்தின் உயர்ந்த மதில் ஒரு பக்கம். தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856-இல் புறப்பட்ட இராயபுரம் நிலையத்தை ஒட்டி இரயில்வேயின் மதில். வடக்கே திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று தொழிற்சாலைகளின் மதில்கள். கடலோரச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையாகக் காத்து நிற்கும் பெட்டக லாரிகளும் ஒரு மதில் போலத்தான் காட்சி தரும். இம்மதில்களுள் எதுவும் அங்கு வாழும் மீனவருக்கோ ஆலைத் தொழிலாளிக்கோ சுமை தூக்குவோருக்கோ உடைமையன்று. ஆயினும் அவற்றின் வெளிப்புறத்தைப் பார்த்தபடியேதான் அவர்கள் பிறந்து, வளர்ந்து, உழைத்து, முதிர்கிறார்கள்.

இங்கே நம் வருவாய்த்துறைச் சொல் ஒன்று நமக்குத் துணைபுரிகிறது. 'புறம்போக்கு' என்பது தனியொருவருக்குப் பட்டா இல்லாமல், ஊராரின் பொதுப் பயனுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தின் பெயர். ஏரி, மேய்ச்சல் தரை, தெரு, கழி ஆகியன அவ்வகையின. மாண்புடைய இச்சொல் நாளடைவில் தெருச்சண்டையில் வசைச் சொல்லாகத் தேய்ந்தது. 2017-இல் பாடகர் டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த 'சென்னை பொறம்போக்குப் பாடல்', எண்ணூர்க் கழியின் அழிவைச் சொல்லும் வாயிலாக இச்சொல்லின் பழைய மானத்தை ஓரளவு மீட்டுத் தந்தது.

சுவருக்கும் இவ்வழக்கைப் பொருத்திப் பார்க்கலாம் என்பது நம் கருத்து. சுவரின் உட்புறம் பட்டா நிலம். அதில் உரிமையாளர் தம் விருப்பம்போல் ஆணி அடிக்கலாம், படம் மாட்டலாம். ஆனால் தெருவை நோக்கிய வெளிப்புறமோ, சட்டப்படி அவருடையதே எனினும், கண்ணால் துய்க்கப்படும் வகையில் தெருவாருக்கு உரியது. அவர் அதைக் காண்பதே அரிது. நாள்தோறும் காண்பவர்கள் வழிப்போக்கர்கள். 'விளம்பரம் செய்யாதீர்' என்று சுவரின் உடையவர் தம் சுவர் மீதே எழுதிவைக்க நேர்வதும், அசுத்தம் செய்வோரை விலக்குவதற்காகப் பிள்ளையார், சிலுவை, மக்கா ஆகிய மூன்று படங்களையும் ஒரே வரிசையில் பதித்துவைப்பதும் எதைக் காட்டுகின்றன? வெளிப்புறம் தம் ஆளுகைக்கு முழுதும் உட்பட்டதன்று என்பதை அவரே ஒப்புக்கொள்வதைத்தான். ஆகவே சுவரின் வெளிப்புறம் ஒரு வகைப் புறம்போக்கு. அரசியல் சுவர்ச்சித்திரத்தின் கவர்ச்சியும் அதன் குற்றமும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

காசிமேட்டு மக்கள் பெயர் எழுதக் கூசுபவர்கள் அல்லர். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அந்நாட்களில் படகுகள் பழுது நீக்கப்பட்டுப் புதுவண்ணம் பெறுகின்றன. தெய்வத்தின் பெயர், பெற்றோரின் பெயர், பெண்மகவின் பெயர், மதிக்கும் தலைவரின் படம் என்று உடையவரின் உள்ளத்தில் உள்ளதெல்லாம் படகின் பக்கங்களில் ஏறுகின்றன. தனக்கு உரிமையான பரப்பு ஒன்று கிடைத்தால் மனிதன் அதில் தன் பெயரைத்தான் முதலில் எழுதுகிறான். கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' முதலிய பெயர்கள் கீறப்பட்டிருப்பதும் இவ்வியல்பையே உணர்த்துகிறது. மன்னர்கள் தம் பெயரைக் கோயிற் சுவரில் வெட்டுவித்தார்கள். திருவொற்றியூர்க் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். கோயிற் சுவர் வாய்க்கப்பெறாத எளியவர்கள் தம் பானையில் கீறினார்கள். ஆகவே பெயரின்மை என்பது எழுதுவோரின் இயல்பன்று. பிறர் சுவரில் எழுதும்போது மட்டும் வந்து சேரும் நிலை அது. வேறொருவர் நிலத்தில் நிற்பவர் கொள்ளும் எச்சரிக்கை அது.

தமிழக அரசியலில் பிறர் சுவரிலும் பலகையிலும் கைவைத்த வரலாறு நெடியது. 1952 ஆகஸ்டில் பெரியார் இரயில் நிலையப் பெயர்ப் பலகைகளின் இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கும் கிளர்ச்சியைத் தொடங்கினார். மறு ஆண்டு ஜூலையில் மு. கருணாநிதி 'டால்மியாபுரம்' என்ற பலகையின் மீது 'கல்லக்குடி' என்று அச்சிட்ட தாளை ஒட்டித் தண்டவாளத்தில் படுத்தார். 2025 பிப்ரவரியிலும் பொள்ளாச்சி நிலையத்தில் இந்தி எழுத்துகள் மீது கறுப்பு மை பூசப்பட்டது. அக்கிளர்ச்சிகளின் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஒரு கலைச் செயலாக நோக்குங்கால் இதில் கவனிக்கத் தக்கவை இரண்டு. முதலாவது, இதற்கு ஓவியத் திறன் வேண்டியதில்லை. ஒரு தார்ச்சட்டியும் ஒரு தூரிகையும் போதும். செய்ய வேண்டியதெல்லாம் எழுதுவதன்று, ஓர் எழுத்தை இல்லாமற் செய்வதுதான். இரண்டாவது, 1952-இலும் 1953-இலும் அதைச் செய்தவர்கள் மறைந்து செய்யவில்லை. நாள் குறித்து, இடம் அறிவித்து, கைதுக்கு ஆயத்தமாக வந்து செய்தார்கள். எனவே அரசியல் சுவரெழுத்தின் உயிர் பெயரை மறைப்பதில் இல்லை என்பது நம் மண்ணிலேயே மெய்ப்பிக்கப்பட்ட செய்தி.

பின்னர் நிகழ்ந்தது வேறு. எழுத்தறியாத வாக்காளரும் அடையாளங் காணும்படித் தேர்தல் ஆணையம் அளித்த சின்னங்கள், சுவரில் தீட்டுவதற்கும் எளியனவாய் அமைந்தன. எதிர்ப்பின் தூரிகை பிரசாரத்தின் தூரிகை ஆயிற்று. நல்ல சுவர் ஒன்று கண்ணிற் பட்டால், தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்னரே வெள்ளையடித்து, கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதி, 'ரிசர்வ்' என்று குறித்துவைக்கும் வழக்கம் ஊன்றியது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போன்றதே இது. ஊர்ப் பொதுவெளியை வேலியிட்டு வளைப்பதை நாம் ஆக்கிரமிப்பு என்கிறோம். இதுவும் அவ்வாறான ஆக்கிரமிப்பே. திறந்தவெளி இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-லேயே இங்குச் சட்டம் இயற்றப்பட்டது. 2006 சட்டமன்றத் தேர்தலின்போது தேர்தல் ஆணையம் அச்சட்டத்தைக் கையிலெடுத்து, சுவர் விளம்பரங்களை அழிக்கச் செய்தது. கட்சிகள் முணுமுணுத்தன, உண்மையில் வருந்தியவர்கள் அச்சுவர்களால் சோறு உண்டவர்கள்.

அவர்களைப் பற்றி ஒரு சொல் கூறாமல் மேற்செல்வது அறமாகாது. ஆளுயர எழுத்தை அளவுகோலின்றி ஒரே சீராக இழுக்கவும், தலைவரின் முகத்தைக் கட்டங்கள் போட்டுப் பெரிதாக்கவும் தெரிந்த கைகள் அவை. சுவரின் கீழ்மூலையில், கட்சிப் பெயரின் நிழலில், விரலளவு எழுத்தில் ஏதோ ஓர் 'ஆர்ட்ஸ்' என்ற பெயர் தெரியும். அவர்கள் மறைந்துகொண்டவர்கள் அல்லர், மறைக்கப்பட்டவர்கள். தம் எண்ணத்தை அவர்கள் எழுதவில்லை; கூலிக்கு எவர் எண்ணத்தையும் எழுதினார்கள். பெயரற்ற ஓவியன் என்றவுடன் பேங்ஸியை நினைத்துப் பரவசமடைகிற நாம், நம் தெருவில் அரை நூற்றாண்டாக உச்சி வெயிலில் ஏணிமேல் நின்ற பெயரற்ற ஓவியனை நினைப்பதில்லை.

இச்சுவர் அரசியலைக் கருவாகக் கொண்டு தமிழில் வந்த குறிப்பிடத்தக்க படைப்பு, பா. ரஞ்சித் இயக்கி 2014 செப்டம்பரில் வெளியான 'மெட்ராஸ்' திரைப்படம். வடசென்னை வியாசர்பாடியின் அடுக்குமாடிக் குடியிருப்பும் அதனிடையே நிற்கும் பெரிய சுவரும் அதன் களம். சுவரில் ஓர் அரசியல் தலைவரின் முகம். அச்சுவர் யாருடையது என்பதில் இரு அரசியல் அணிகள் மோதுகின்றன. அன்பு என்னும் இளைஞன் அச்சுவரை மீட்பதையே தன் இலட்சியமாகக் கொண்டு உயிரிழக்கிறான். அவன் நண்பன் காளி இறுதியில் அம்முகத்தின் மீது வண்ணத்தை வீசுகிறான்.

சுவரின் வெளிப்புறமும் நிலமே என்னும் உண்மையை நாம் அறிந்த எந்தத் தமிழ்ப் படைப்பும் இவ்வளவு துல்லியமாகக் காட்டியதில்லை. நிலமற்ற மக்கள் வாழும் இடத்தில், அவர்களுக்கு நடுவே உள்ள ஒரே வெற்றுப் பரப்பை அவர்களின் பெயராலேயே பிறர் பிடித்துக்கொள்கிறார்கள். அதைக் காப்பதற்கு அம்மக்களின் பிள்ளைகளே வெட்டிக்கொண்டு மடிகிறார்கள். இந்தக் கொடிய முரணைக் கதை நன்கு உணர்ந்திருக்கிறது. எனினும் நம் மனத்தில் ஒரு குறை தங்குகிறது. படம் பல இடங்களில் அச்சுவரையே ஒரு பேய்போல், உயிர் குடிக்கும் பொருள்போல் காட்டி நம்மை அஞ்சவைக்கிறது. அச்சம் மிகுந்தவுடன் பழி சுவரின் மீது சென்றுவிடுகிறது. சுண்ணாம்பும் செங்கலும் எவரையும் கொல்வதில்லை; கொன்றவர்களுக்குப் பெயரும் முகவரியும் உண்டு. ஆயினும் காளி வீசிய வண்ணம் அக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது. அது சித்திரமன்று, எழுத்துமன்று, தார்ச்சட்டிக் கிளர்ச்சியின் நேர் வாரிசு. ஆக்கிரமிப்பை நீக்கிப் புறம்போக்கைப் புறம்போக்காக்கும் செயல். அவனும் முகத்தை மூடிக்கொண்டு அதைச் செய்யவில்லை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பேங்ஸியிடம் செல்வோம். அவருடைய திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வெட்டிய அட்டையைச் சுவரில் பொருத்தி, வண்ணத்தைத் தெளித்து, நொடிப்பொழுதில் ஒரு முழு எண்ணத்தை நிறுத்திவிடும் ஆற்றல் அவருக்கு உண்டு. 2025 செப்டம்பரில் இலண்டன் உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அவர் தீட்டிய சித்திரம் இதற்குச் சான்று. பொய்முடி தரித்த நீதிபதி, கீழே விழுந்து கிடக்கும் போராட்டக்காரரைத் தம் சுத்தியால் அடிக்க ஓங்குகிறார். போராட்டக்காரரின் கையிலுள்ள பதாகையில் இரத்தத் துளிகள். பாலஸ்தீனத்துக்கு ஆதரவான அமைப்பொன்று பிரிட்டனில் தடை செய்யப்பட்டு, அத்தடையை எதிர்த்தோர் நூற்றுக்கணக்கில் கைதாகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதிகாரிகள் சித்திரத்தை மறைத்து, காவல் வைத்து, பின்னர் சுரண்டி எடுத்தார்கள். சுரண்டிய இடத்தில் அதன் நிழல் போன்ற தடம் எஞ்சியது. நீதிபதியின் உருவம் மங்கலாகவும் அடி ஓங்கியபடியும் தங்கியது. அழித்தவர்களின் கையே சித்திரத்தை நிறைவு செய்ததை என்னென்பது!

ஆயினும் பேங்ஸியின் பெயரின்மை இன்று உலகின் விலையுயர்ந்த பெயர்களுள் ஒன்று. 2018 அக்டோபரில் இலண்டன் ஏலக்கூடத்தில் 'பலூனுடன் சிறுமி' என்ற அவருடைய படம் சுமார் பத்து லட்சம் பவுண்டுக்கு விலைபோன அக்கணமே, சட்டத்துக்குள் மறைத்துவைத்திருந்த கத்திகள் அதைப் பாதிவரை துண்டு துண்டாக்கின. சந்தையின் முகத்தில் அறைந்தார் என்று உலகம் கைகொட்டியது. மூன்றாண்டு கழித்து, 2021 அக்டோபரில், அறுபட்ட அதே படம் 1 கோடியே 85 லட்சம் பவுண்டுக்கு விற்றது. சந்தை அறையை வாங்கிக்கொண்டு அதற்கும் விலை குறித்தது. அவர் தீட்டினார் என்று தெரிந்தால் சுவரோடு பெயர்த்தெடுத்து விற்கிறார்கள். ஏழை ஒருவன் தீட்டினான் என்று தெரிந்தால் அபராதம் விதிக்கிறார்கள். ஒரே செயல், ஒரே சுவர். வேறுபாடு பெயரில் இருக்கிறது. அவ்வாறாயின் மறைந்திருத்தல் மட்டுமே ஒரு சித்திரத்தை எதிர்ப்பாக்கி விடாது என்பது தெளிவு.

பேங்ஸியே பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி நம் வாதத்துக்கு ஆணிவேர். 2005-இல் அவர் பெத்லகேம் பகுதியில் இஸ்ரேல் எழுப்பிய பிரிவினைச் சுவரில் சித்திரங்கள் தீட்டிக்கொண்டிருந்தபோது, பாலஸ்தீன முதியவர் ஒருவர் வந்து, இச்சுவரை அழகுபடுத்துகிறாய் என்றாராம். இவரும் நன்றி சொன்னாராம். முதியவரோ, எங்களுக்கு இது அழகாக வேண்டாம், இதை நாங்கள் வெறுக்கிறோம், உன் ஊருக்குப் போ என்று கூறிவிட்டாராம். அறிஞர்கள் நூல் நூலாக எழுதினாலும் இந்த முதியவரின் திறனாய்வுக்கு ஈடாகாது. தன்னை அடைத்து நிற்கும் சுவர் அழகாகிவிட்டால், அது நிலைத்துவிடும் என்று அவர் அஞ்சினார்.

அதே மண்ணில், அழகைப் பற்றிய எண்ணமே இல்லாமல் எழுந்த சுவரெழுத்தும் உண்டு. 1987 டிசம்பரில் தொடங்கிய முதலாம் இன்திஃபாதாவின்போது பத்திரிகைகள் இராணுவத் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. அப்போது முகாம்களின் சுவர்களே செய்தித்தாள்களாயின. கடையடைப்பு நாள், உயிர்நீத்தார் பெயர், எச்சரிக்கை எல்லாம் இரவில் எழுதப்பட்டன. காலையில் படையினர் வந்து, வீட்டுக்காரரையே அழைத்து, அவர் கையாலேயே வெள்ளையடிக்கச் செய்வார்கள். மறுநாள் இரவு அவ்வெள்ளையே புதிய எழுத்துக்குப் பக்கமாக அமையும். அங்கே பெயரின்மை அலங்காரமன்று, உயிர்காப்பு.

அந்த மண்ணின் ஓவியர் நாஜி அல்-அலீயை இங்கு நினைவுகூர்வது கடமை. லெபனானின் அய்னுல் ஹில்வா அகதி முகாமில் வளர்ந்து, முகாமின் சுவர்களிலும் பின்னர்ச் சிறைச் சுவர்களிலும் வரையத் தொடங்கியவர் அவர். 1969-இல் குவைத் பத்திரிகையொன்றில் அவர் படைத்த 'ஹந்தலா' என்னும் பத்து வயதுச் சிறுவன், 1973 முதல் நமக்கு முதுகு காட்டி, கைகளைப் பின்னால் கோத்து நிற்கிறான். அவன் முகத்தை நாம் கண்டதில்லை. ஆனால் வரைந்தவர் தம் முகத்தை மறைக்கவில்லை. அரபு அரசுகளையும் இயக்கத் தலைவர்களையும்கூட அவர் தம் பெயரிட்டே சாடினார். 1987 ஜூலை 22 அன்று இலண்டன் வீதியில் சுடப்பட்டு, ஆகஸ்டு 29 அன்று மரணமுற்றார். அவர் மறைந்தார், ஹந்தலா பெத்லகேமிலிருந்து ஐரோப்பிய நகரங்கள் வரை, பெயர் தெரியாத கைகளால் சுவர்தோறும் வரையப்பட்டுக்கொண்டிருக்கிறான். பேங்ஸியில் ஓவியர் மறைந்திருக்கிறார். அவருடைய ஒவ்வொரு சித்திரமும் 'இது யாருடையது?' என்று கேட்கவைத்து அவரிடமே நம்மை இழுக்கிறது. நாஜியில் ஓவியர் வெளிப்படையாக நின்றார். சித்திரம் எல்லாருக்கும் பொதுவாயிற்று. எவரெவரோ அதை வரைகிறார்கள். புறம்போக்கின் இலக்கணம் இதுவன்றோ!

பெயரின்மையைப் போற்றுவோர் மறந்துவிடும் மறுபக்கமும் ஒன்றுண்டு. இருளில் எழுதும் கை எப்போதும் எளியவனின் கையாக இருப்பதில்லை. நாஜி ஜெர்மனியில் யூதர்களின் கடைகளில் இழிசொற்களையும் அடையாளங்களையும் பூசிய கைகள் பெயரற்ற கைகளே. சிறுபான்மையினரின் வீட்டுக் கதவிலும் வழிபாட்டிடத்தின் மதிலிலும் இரவில் எழுதப்படும் மிரட்டலும் சுவரெழுத்துதான். நம் சமுதாயத்தவர்க்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே 'துணிவுடன் எழுதினான்' என்ற பாராட்டுக்கு முன் நாம் கேட்கவேண்டியது: யாருடைய சுவரில் எழுதினான்? பிடிபட்டால் யார் யாரை என்ன செய்ய முடியும்? 2011-இல் சிரியாவின் தர்ஆ நகரில், அடுத்த முறை அதிபருக்குத்தான் என்று பொருள்படப் பள்ளிச் சுவரில் எழுதிய சிறுவர்கள் பிடிக்கப்பட்டு வதைக்கப்பட்டார்கள். நாடே கொந்தளித்தது, பதின்மூன்று ஆண்டுப் பேரழிவுக்குப் பின் 2024 டிசம்பரில் அந்த அதிபர் நாட்டைவிட்டு ஓடினார். அவர்கள் வலியவனின் சுவரில் எழுதினார்கள். எளியவனின் கதவில் எழுதுபவனும் பெயரை மறைக்கிறான் என்பதற்காக இவ்விருவரையும் ஒரே பெயரால் அழைத்தல் தகாது.

இனி நம் நகரத்துக்கு மீள்வோம். 2009-10 காலத்தில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை முதலிய முக்கியச் சாலைகளில் சுவரொட்டிகளை விலக்கி, தமிழர் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டுவித்தது. வேலையிழந்திருந்த பதாகை ஓவியர்கள் சிலருக்கு அதனால் கூலி கிடைத்தது நல்லதே. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, மாநகராட்சியின் ஒத்துழைப்புடன், கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களைப் பெரும் ஓவியங்களால் நிறைத்தது. கண்ணகி நகர் எது? நகரின் நடுவிலும் ஆற்றோரங்களிலும் வாழ்ந்த ஏழைகளைப் பெயர்த்தெடுத்து, 2000-ஆம் ஆண்டு முதல் நகரின் தென்கோடியில் குடியமர்த்திய இடம். அவ்வோவியங்கள் அழகியவை, அவ்வூரின் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் படம் பிடிக்க வந்தார்கள் என்பதும் சிறிய பயனன்று. ஆயினும் பெத்லகேம் முதியவரின் குரல் நம் காதில் ஒலிக்காமலில்லை. பெயர்த்தெறியப்பட்ட வரலாற்றை அச்சுவர்கள் சொல்கின்றனவா, அழகால் மூடுகின்றனவா? இவ்வினாவுக்கு விடையளிக்க உரியவர்கள் அங்கு வாழ்வோரே.

அவ்வறக்கட்டளையை நிறுவியவர்களுள் ஒருவரான குஜராத்தைச் சேர்ந்த ஹனிஃப் குரேஷி, 2024 செப்டம்பரில் இளம் வயதிலேயே காலமானார். அவருடைய இன்னொரு தொண்டு நம் உள்ளத்தை மிகவும் கவர்கிறது. தெருவோரப் பெயர்ப் பலகை எழுதும் ஓவியர்களை ஊர் ஊராகத் தேடிச் சென்று, அவர்கள் கையெழுத்து வடிவங்களைக் கணிப்பொறி அச்செழுத்துகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் அந்த ஓவியரின் பெயரையே அவர் சூட்டினார். மறைக்கப்பட்டவர்களுக்குப் பெயரைத் திருப்பித் தந்த செயல் அது. நம் வடசென்னைச் சுவர்களின் கீழ்மூலையில் விரலளவு எழுத்தில் மறைந்துகிடக்கும் 'ஆர்ட்ஸ்'களுக்கும் அத்தகைய ஒருவர் தேவை.

வடசென்னைச் சுவர்கள் சொல்லவேண்டிய செய்தி இல்லாமலா இருக்கிறது? 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரைமுழுதும் படர்ந்த கரிய சேற்றை மீனவரும் தொண்டர்களும் வாளிகொண்டு அள்ளினார்கள். நவீனத் துறைமுகங்களின் அருகே, கைவாளியே கருவியாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழியில் பரவி, வலைகளையும் படகுகளையும் வீடுகளையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளத்தில் மூழ்கிய சுவர்களில் நீர் ஏறிய மட்டத்துக்கு எண்ணெய் ஒரு கரிய கோடு கிழித்துச் சென்றது. அக்கோட்டை எவரும் தீட்டவில்லை. எனினும் வடசென்னையில் எழுதப்பட்ட அரசியல் சுவரெழுத்துகளுள் அதனினும் உண்மையானது வேறொன்று இருக்க முடியுமா என்று நாம் ஐயுறுகிறோம். சிலநாளில் அதன்மேல் வெள்ளையடிப்பார்கள். நாளை அங்கே ஒரு சின்னமும் வரலாம், ஒரு மீனும் தோணியும் அழகாகத் தீட்டப்படலாம்.

எனவே பெயரில்லாச் சுவர்ச்சித்திரத்தின் கவர்ச்சி அதன் மறைவில் இல்லை என்பதே நம் முடிபு. தெருவாருக்கு உரிய பரப்பு தெருவாரிடமே ஒரு கணம் திரும்பி வந்தது என்ற மகிழ்ச்சியில்தான் அக்கவர்ச்சி இருக்கிறது. தலைவரின் முகம் அதை ஆக்கிரமித்தால் நாம் கண்ணைத் திருப்பிக்கொள்கிறோம். வெறுப்பு அதை ஆக்கிரமித்தால் அஞ்சுகிறோம். அழகு அதை ஆக்கிரமித்தால் வியக்கிறோம். ஆயினும் உள்ளே எதுவோ உறுத்துகிறது. அங்கு வாழ்பவரின் சொந்த வழக்கு அதில் ஏறும்போது மட்டும், எழுதியவர் யாரென்று கேட்கவே நமக்குத் தோன்றுவதில்லை.

காசிமேட்டின் மதில்களுக்கு ஓவியர் எவரையாவது அழைத்துவரத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும், கலை அன்பர்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. தூரிகையை முதலில் அவ்வூராரிடம் கொடுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் தம் படகுகளுக்குத் தாமே வண்ணம் தேர்ந்து பெயர் சூட்டும் மக்கள் அவர்கள். எதை எழுதுவது என்று அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எழுதியபின் மறுநாள் அதன்மேல் வெள்ளையடிக்காதிருக்க நமக்குத் துணிவு உண்டா என்பதுதான் எஞ்சி நிற்கும் வினா.